குடல் ஆர்கனாய்டு ரெடிமேட் மீடியம்: இரண்டு வருடம் வாங்கிப் போட்டவன் எழுதுகிறேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது மட்டமான பொருள் இல்லை. ஆர்கனாய்டு என்றால் தட்டில் வளர்க்கும் குட்டி உறுப்பு, மீடியம் என்றால் அது வளர ஊற்றும் சத்து நீர். பெரிய பாட்டிலில் இருப்பதோடு கூடவே வரும் சின்னக் குப்பியைக் கலந்து, எலிக் குடலிலிருந்து எடுத்த க்ரிப்ட்டுகள் (உள்படலத்தின் நுண்குழிகள்) மேல் ஊற்றிவிட்டால் போதும், நாலாவது நாள் மைக்ரோஸ்கோப்பில் மொட்டு மொட்டாக ஆர்கனாய்டு நிற்கும். பெட்டிமேல் சொல்லியிருப்பது நடக்கத்தான் செய்கிறது. அப்படியிருந்தும் எங்கள் லேபில் இதை வாங்குவதை நிறுத்திவிட்டோம். நான் வாங்குவதற்கு முன் தேடியபோது கிடைத்ததெல்லாம் கம்பெனிக்காரர்களே போட்ட பளபளப்பான படங்கள்தான், பயன்படுத்தியவர்கள் யாரும் உட்கார்ந்து நாலு வரி எழுதியிருக்கவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

கம்பெனி பெயர் வேண்டாம். இதே மாதிரிப் பொருளை வேறு சிலரும் விற்கிறார்கள், நான் சொல்லப்போகும் குறை கலவையை வெளியே சொல்லாமல் விற்கும் எதற்கும் பொருந்தும்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களுக்காகக் கொஞ்சம். நம் குடலின் உள்படலம் உடம்பிலேயே மிக வேகமாகப் புதுப்பித்துக்கொள்ளும் இடங்களில் ஒன்று. எலியின் சிறுகுடலில் 3 முதல் 5 நாளில் பழைய செல்கள் போய்ப் புதியவை வந்துவிடும். அதற்கான உற்பத்தி குடலுறிஞ்சிகளுக்குக் கீழே இருக்கும் க்ரிப்ட் என்கிற குழிகளில் நடக்கிறது. ஒவ்வொரு குழியின் அடியிலும் சுமார் 15 ஸ்டெம் செல்கள் (மற்றச் செல்களைப் பிறப்பிக்கும் மூலச் செல்கள்), கிருமிகளைக் கொல்லும் பொருளைச் சுரக்கும் பானெத் செல்களுக்கு நடுவே ஒல்லியாகச் செருகிக்கொண்டு, கூட்டமான பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாக உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய தினம் ஒரு தடவை பிளக்கும். பிறந்தவை மேலே தள்ளப்பட்டு, போகிற வழியில் வேலை கற்றுக்கொண்டு, உறிஞ்சியின் நுனிக்குப் போய் உதிர்ந்துவிடும்.

இந்த ஒல்லிச் செல்களை 1974லேயே செங், லெப்லாண்ட் என்ற இருவர் பார்த்து, இவைதான் ஸ்டெம் செல் என்று எழுதிவிட்டார்கள். ஆனால் அடையாளம் பிடித்துத் தொடர்ந்து போய் நிரூபிக்க 2007 ஆனது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவில் நிக் பார்க்கர் முதலானோர் எல்ஜிஆர்5 என்கிற மரபணுவைக் குறியாக வைத்து அதைச் செய்தார்கள். இரண்டே வருடத்தில், 2009ல், அதே லேபில் டோஷிரோ சாட்டோ அப்படிப்பட்ட ஒற்றைச் செல்லை எடுத்து ஜெல்லில் வைத்து, குழியும் உறிஞ்சியின் மேல்பகுதியுமாக ஒரு குட்டிக் குடலையே தட்டில் வளர்த்துக் காட்டினார். இன்றைக்கு நாம் காசு கொடுத்து வாங்கும் மீடியம் எல்லாம் அந்த 2009 சமையல் குறிப்பின் பிள்ளைகள்தான்.

அந்தக் குறிப்பு ரொம்பச் சின்னது. அடிப்படை மீடியத்தோடு பி27, என்2 போன்ற சில்லறைச் சாமான்கள், அதற்கு மேல் மூன்றே மூன்று புரதங்கள்: ஈஜிஎஃப், நாகின், ஆர்-ஸ்பாண்டின். மூன்றின் முதலெழுத்தைச் சேர்த்து ஈஎன்ஆர் என்று சொல்வோம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

ரெடிமேட் மீடியத்தின் சௌகரியம் பெரிய சௌகரியம், அதை மறுக்க முடியாது. நான் சேர்ந்த புதிதில் க்ரிப்ட் பிரித்தெடுப்பதே பெரிய பாடாக இருந்தது. குடலை நீளவாக்கில் கீறி, கவர்ஸ்லிப்பால் உறிஞ்சிகளைச் சுரண்டி, செல்களின் பிடியைத் தளர்த்தும் குளிர்ந்த ஈடிடிஏ கரைசலில் அரை மணி ஊறவைத்து, குலுக்கி, 70 மைக்ரான் சல்லடையில் வடிகட்டி, அடியில் தங்கியதைப் பார்த்தால் பாதி நாள் வெறும் குப்பைதான் இருக்கும். அந்த நிலைமையில் மீடியமும் நானே செய்திருந்தால், எது தப்பு, கை தப்பா மீடியம் தப்பா என்றே தெரிந்திருக்காது. ரெடிமேட் இருந்ததால் மீடியத்தின் மேல் சந்தேகம் வரவில்லை, தப்பு முழுக்க என் கையில்தான் என்று தெரிந்து மூன்று மாதத்தில் கை பழகிவிட்டது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஒரு பாட்டில் வாங்கிக் கொடுப்பது நல்ல முதலீடு, இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

இன்னொரு நல்ல விஷயம், பேட்ச்சுக்குப் பேட்ச் மாறவில்லை. இரண்டு வருடத்தில் எத்தனையோ லாட் நம்பர் பார்த்துவிட்டேன், ஒன்றில் நன்றாக வளர்ந்து அடுத்ததில் சுருண்டு போனது என்று ஒரு தடவைகூட நடக்கவில்லை.

ஆர்கனாய்டைப் பொதிந்து வைக்கும் ஜெல்லைப் பற்றி ஒரு வார்த்தை, அது இந்தப் பெட்டியில் வராது, தனியாக வாங்க வேண்டும், புதியவர்கள் பலர் இதைக் கவனிக்காமல் ஆர்டர் போட்டுவிட்டு முழிப்பார்கள். எலியின் ஒருவகைக் கட்டியிலிருந்து எடுக்கப்படும் அடிச்சவ்வுச் சாறு அது, பெரும்பாலும் லாமினின், நாலாம் வகைக் கொலாஜன். எந்தக் கம்பெனியுடையதை வாங்கினாலும் மேட்ரிஜெல் என்றுதான் கூப்பிடுவோம், நகல் எடுப்பதை ஜெராக்ஸ் என்கிற மாதிரி. ஐஸில் இருக்கும்வரை தண்ணீர், சூடு பட்டால் இறுகிவிடும். பத்து டிகிரியைத் தாண்டினாலே ஆரம்பித்துவிடும். என் முதல் வாரத்தில் குப்பியை விரல்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு லேபிள் படித்துக்கொண்டிருந்தேன், பின்னாலிருந்து லேப் அக்கா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, அது என்ன டீ டம்ளரா, கையில வெச்சு சூடு பண்ற? ஐஸ்ல வை!" பைப்பெட் டிப்பைக்கூட ஃப்ரீசரில் வைத்து எடுக்க வேண்டும்.

கோடையில் ஒரு தடவை ஜெல் பார்சல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து, கேட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துவிட்டார்கள், எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை திறந்தால் ட்ரை ஐஸ் இருந்த இடமே தெரியவில்லை, குப்பிக்குள் ஜெல் நுங்கு மாதிரி இருந்தது. விநியோகஸ்தரிடம் கேட்டால் 'எங்கள் பக்கம் டெலிவரி ஆகிவிட்டது சார்' என்ற ஒரே பதில். அதிலிருந்து ஆர்டர் போடும்போதே திங்கள் அல்லது செவ்வாய் வந்து சேரும்படி அனுப்புங்கள் என்று எழுதிக் கொடுக்கிறோம். மீடியம் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை, அது ஜில்லென்றே வந்தது, பேக்கிங் நல்ல பேக்கிங்.

விலைக்கு வருவோம். ரூபாய் கணக்கு லேபுக்கு லேப் தள்ளுபடியில் மாறும், அதனால் மில்லி கணக்கில் சொல்கிறேன், நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். பாட்டில் 100 மில்லி. 24 வெல் (சின்னக் குழி) உள்ள பிளேட்டில் ஒரு வெல்லுக்கு அரை மில்லி, ஆக ஒரு தடவை மாற்ற 12 மில்லி. வாரத்துக்கு மூன்று தடவை மாற்றினால் 36. அப்படியென்றால் ஒரே ஒரு பிளேட்டை உயிரோடு வைத்திருக்க ஒரு பாட்டில் மூன்று வாரம்கூட வராது. சோதனைக்கு ஒரே நேரத்தில் நாலு பிளேட் ஓடினால் ஒரு வாரத்திலேயே பாட்டில் காலி, இரண்டாவதையும் திறந்தாக வேண்டும். இதில் கலந்த பிறகு ஃப்ரிட்ஜில் ஒரு வாரம்தான் தாங்கும் என்று லேபிளில் போட்டிருக்கிறது, அதனால் கம்மியாக வேலை இருக்கும் வாரத்தில் பாதியைக் கீழே கொட்ட மனசு வராமல் பகுதி பகுதியாகப் பிரித்து உறைய வைத்துச் சமாளித்தோம். இண்டென்ட் போட்டு, மூன்று கொட்டேஷன் வாங்கி, அது வந்து சேர ஆகும் நாளைக் கணக்கில் எடுத்தால், பாட்டில் தீர்வதற்கு ரொம்ப முன்னாடியே அடுத்ததுக்கு எழுதியாக வேண்டும். இல்லையென்றால் மாதக்கணக்கில் பிரித்துப் பிரித்து வளர்த்த ஆர்கனாய்டு லைனை உறைய வைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும், எங்களுக்கு அப்படியும் ஒரு தடவை ஆனது.

சரி, இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடிய குறைகள். நிறுத்தியதற்குக் காரணம் வேறு.

எங்கள் லேபின் கேள்வியே ஸ்டெம் செல் எப்படி ஸ்டெம் செல்லாகவே நிற்கிறது என்பதுதான். அது தானாக நிற்பதில்லை, சுற்றுப்புறம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். விண்ட் சமிக்ஞை 'இரு, பிளந்துகொண்டே இரு' என்கிறது. மேலேயிருந்து வரும் பிஎம்பி சமிக்ஞை 'போதும், முதிர்ந்துவிடு' என்கிறது, அதை நாகின் தடுக்கிறது. ஈஜிஎஃப் பிளக்கச் சொல்லித் தூண்டுகிறது. ஆர்-ஸ்பாண்டின் செய்கிற வேலைதான் எனக்குப் பிடித்தது: செல்லின் மேல் விண்ட்டை வாங்கும் ஏற்பிகளை ஆர்என்எஃப்43, இசட்என்ஆர்எஃப்3 என்ற இரண்டு புரதங்கள் விடாமல் பிடுங்கிப் போட்டுக்கொண்டே இருக்கும். ஆர்-ஸ்பாண்டின் வந்து, எல்ஜிஆர்5 துணையோடு, அந்த இரண்டையும் அங்கிருந்து கிளப்பிவிடும். ஏற்பி தங்கும், விண்ட் சத்தம் உரக்கக் கேட்கும். அதாவது எல்ஜிஆர்5 என்பது ஸ்டெம் செல்லைக் கண்டுபிடிக்க நாம் ஒட்டிக்கொண்ட பெயர்ப் பலகை மட்டுமில்லை, அந்த வேலையிலேயே அதற்குப் பங்கு இருக்கிறது. 2007ல் அதை அடையாளமாகப் பயன்படுத்தியபோது இது தெரியாது, 2011ல்தான் அது ஆர்-ஸ்பாண்டினின் ஏற்பி என்று தெரிந்தது.

தட்டில் வளரும் எலிச் சிறுகுடலுக்கு விண்ட்டை நாம் ஊற்றுவதில்லை, பக்கத்தில் இருக்கும் பானெத் செல்லே விண்ட்3 தயாரித்துக் கொடுக்கிறது. அதனால்தான் மொட்டு வருகிறது: பானெத் இருக்கும் இடத்தில் மட்டும் விண்ட் அதிகம், அங்கே குழி உருவாகிறது, மற்ற இடம் முதிர்கிறது. வெளியிலிருந்து விண்ட்டைக் கொட்டினால் எல்லாப் பக்கமும் ஒரே சத்தம், ஆர்கனாய்டு மொட்டு விடாமல் உருண்டையாகப் பலூன் மாதிரி ஊதிக்கொண்டு நிற்கும். மைக்ரோஸ்கோப்பில் ஒரு பார்வையிலேயே தெரிகிற விஷயம் இது, எந்த ஆன்டிபாடியும் வேண்டாம்.

இப்போது எங்கள் சோதனை. ஒரு மூலக்கூறு, அது ஆர்-ஸ்பாண்டின் பற்றாக்குறையிலும் ஸ்டெம் செல்லைக் காப்பாற்றுமா என்று பார்க்க வேண்டும். ரெடிமேட் மீடியத்தில் போட்டேன். போட்ட வெல்லும் போடாத வெல்லும் ஒரே மாதிரி. மறுபடி போட்டேன், அளவைக் கூட்டினேன், வேறு எலி, வேறு லாட் ஜெல், எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஏழு மாதம். ஒவ்வொரு லேப் மீட்டிங்கிலும் 'வித்தியாசம் இல்லை சார்' என்று அதே ஸ்லைடைத் தேதி மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன். கைடு திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஒரு நாள் கேன்டீனில் அக்காதான் கேட்டார், "அந்த மீடியத்துல ஆர்-ஸ்பாண்டின் எவ்வளவு இருக்கு?" தெரியாது என்றேன். "தெரியாமலா அதைக் குறைச்சா என்ன ஆகும்னு பாத்துக்கிட்டு இருக்க?"

நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆர்-ஸ்பாண்டின் தேவைக்கு மேல் இருக்கும் மீடியத்தில், ஆர்-ஸ்பாண்டின் இல்லாததை ஈடுகட்டும் ஒரு பொருளைப் போட்டால் என்ன வித்தியாசம் தெரியும்? அதைவிட மோசம், வேண்டாம் என்று எடுக்கவும் முடியாது, எல்லாமே ஒரே குப்பியில் கலந்தல்லவா வருகிறது. கம்பெனிக்கு மெயில் போட்டேன். மரியாதையாகத்தான் பதில் வந்தது, ஆனால் பதில் என்னவோ கலவை வியாபார ரகசியம், அளவுகளைப் பகிர முடியாது என்பதுதான். ஆர்-ஸ்பாண்டின் எவ்வளவு என்று வேண்டாம், விண்ட்டைத் தூண்டும் வேறு ஏதாவது சேர்த்திருக்கிறீர்களா, இருக்கிறது இல்லை என்று மட்டும் சொன்னால் போதும் என்று இன்னொரு மெயில். அதற்கும் அதே வரி, காப்பி பேஸ்ட்.

அவர்கள் பக்கம் நியாயம் இருக்கலாம், விற்பவன் மசாலாவை ஏன் சொல்ல வேண்டும். சாப்பிட வந்தவனுக்கு அது தேவையில்லைதான். ஆனால் நான் அங்கே சாப்பிடப் போகவில்லையே, எந்த மசாலா என்ன செய்கிறது என்று எழுதப் போனவன்.

அதற்குப் பிறகு ஈஎன்ஆருக்கு மாறினோம். ஈஜிஎஃப் மில்லிக்கு 50 நானோகிராம், நாகின் 100, இரண்டும் தூளாக விலைக்கு வாங்கியவை. ஆர்-ஸ்பாண்டினைத் தூளாக வாங்கினால் லேப் திவாலாகிவிடும், மில்லிக்கு 500 நானோகிராம் வரை வேண்டியிருக்கும், அதனால் அதைச் சுரக்கும் செல் லைன் ஒன்றை வளர்த்து, மீடியத்தை வடிகட்டி எடுத்து, சிறு பகுதிகளாக உறைய வைக்கிறோம். ஒரு பேட்ச் எடுக்க ஒன்றரை வாரம் ஆகிறது. எடுத்த பிறகு அது வேலை செய்கிறதா என்று விண்ட் சமிக்ஞை கிடைத்தால் ஒளிரும் ரிப்போர்ட்டர் செல்லில் போட்டு ஒளி அளந்து பார்க்க வேண்டும், மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி கலந்திருக்கிறதா என்ற டெஸ்ட்டும் கட்டாயம். எங்கள் மூன்றாவது பேட்ச் ரிப்போர்ட்டரில் பாதிதான் எரிந்தது, மொத்தத்தையும் கொட்டினோம், வயிறு எரிந்தது. ரெடிமேட் பாட்டிலை அந்த வாரம் ரொம்ப ஏக்கத்தோடு நினைத்துக்கொண்டேன்.

ஆனால் இப்போது கையில் குழாய்த் திருகு இருக்கிறது. ஆர்-ஸ்பாண்டினை முழுதாக எடுத்தால் சில நாளில் ஆர்கனாய்டு கறுத்துச் சுருண்டுவிடுகிறது, பாதி, கால், அரைக்கால் என்று குறைத்துக்கொண்டே வந்தால் எந்த இடத்தில் மொட்டு நிற்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். நாகினை மட்டும் எடுத்தால் உடனே சாவதில்லை, கொஞ்ச நாள் இழுத்துக்கொண்டு கிடக்கிறது, எல்ஜிஆர்5 மங்குகிறது. ஈஜிஎஃப் விஷயம் வேறு கதை, அந்தச் சமிக்ஞையை மருந்தால் அடைத்தால் ஸ்டெம் செல் செத்துப்போகாமல் தூங்கப் போய்விடும், அடைப்பை எடுத்தால் எழுந்துவிடும், 2017ல் கிளெவர்ஸ் குழுவே இதைக் காட்டியது. இந்த மாதிரி ஒன்றொன்றாகத் திருகிப் பார்ப்பதுதான் இந்தத் துறையே. எங்கள் மூலக்கூற்றைக் கால்பங்கு ஆர்-ஸ்பாண்டினில் போட்டபோது முதல் தடவையாக, ஏழு மாதம் தெரியாத வித்தியாசம் ஆறு நாளில் தெரிந்தது. போடாத வெல்லில் கறுத்த உருண்டைகள், போட்டதில் மொட்டுகள். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன், பார்த்துவிட்டு "ம்" என்றார், அவ்வளவுதான், அவருடைய "ம்" எங்கள் லேபில் பெரிய பரிசு.

ஆக, யார் வாங்கலாம்? குடல் உங்களுக்கு ஒரு மேடை மட்டும்தான், அதன்மேல் கிருமியை ஏற்றுவதோ மருந்தின் நச்சுத்தன்மையைப் பார்ப்பதோதான் வேலை என்றால் தாராளமாக வாங்குங்கள், நான் நட்சத்திரம் நாலரை கொடுப்பேன், அந்த அரையும் விலைக்காகத்தான் குறைக்கிறேன். ஸ்டெம் செல் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதே உங்கள் கேள்வி என்றால் என்னிடமிருந்து ஒன்றரைக்கு மேல் வராது. லைனைப் பத்திரமாக உயிரோடு வைத்திருக்க மட்டும் இதைப் பயன்படுத்திவிட்டு, சோதனைக்கு ஒரு வாரம் முன்னால் ஈஎன்ஆருக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். நானும் அதை முயன்றேன். முதல் பாசேஜில், அதாவது உடைத்துப் பிரித்துப் புது ஜெல்லில் நட்ட முதல் சுற்றில், ஆர்கனாய்டுகள் முகம் சுளித்தன, இரண்டாவதில்தான் நிலைக்கு வந்தன. அதனால் குறைந்தது இரண்டு பாசேஜ், அதாவது கிட்டத்தட்ட இரண்டு வாரம், கொடுத்துவிட்டுத்தான் சோதனையைத் தொடங்க வேண்டும்.

மனிதக் குடல் வளர்ப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. மனிதக் குடலுக்கு விண்ட்டையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும், கூடவே நிகோடினமைடு, இரண்டு தடுப்பான்கள் என்று 2011ல் சாட்டோ எழுதிய பட்டியல் நீளமானது, அதில் வளரும் ஆர்கனாய்டு பெரும்பாலும் முதிராமலே இருக்கும், முதிர வைக்க ஒவ்வொன்றாக எடுத்தாக வேண்டும். அவ்வளவையும் சொந்தமாகச் செய்வது எங்கள் லேபுக்கு முடியுமா என்று கேட்டால் யோசிப்பேன். அதற்கும் ரெடிமேட் வருகிறது, நான் தொட்டதில்லை, தொட்டவர்கள் எழுதுங்கள்.

எங்கள் ஃப்ரீசரில் மிச்சமிருந்த ஒன்றரை பாட்டிலை மூன்றாம் மாடியில் சால்மொனெல்லா பார்க்கும் குழு வாங்கிக்கொண்டு போய்விட்டது. போன வாரம் படியில் பார்த்தபோது அந்தப் பையன் கேட்டான், "அண்ணா, சூப்பரா வளருது, ஏன் இதைப் போய் நிறுத்தினீங்க?"